நிலையான சந்தா என்ற பிறகும் பில் ஏறுவது ஏன்? வீட்டுக் காப்புறுதியைப் புதுப்பிப்பதற்கான முழுமையான வழிகாட்டி

பினாங்கின் ஆயர் ஈத்தாமில், மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் இணைவீட்டுக்கு 2023 செப்டம்பரில் மூன்றாண்டு நிலையான சந்தா (காப்புறுதிக்கு ஆண்டுதோறும் கட்டும் தொகை) என்று சொல்லப்பட்ட ஒரு ஹவுஸ்ஓனர் பாலிசியை, அதாவது வீட்டுக் கட்டடத்துக்கான காப்புறுதியை, எடுத்தேன். முதலாண்டு கட்டியது 347 வெள்ளி (ரிங்கிட்) 8 சென். இரண்டாம் ஆண்டு 353 வெள்ளி 44 சென். ஆறு வெள்ளிதானே என்று அதைப் பொருட்படுத்தவில்லை. மூன்றாம் ஆண்டுக்கான புதுப்பிப்பு அறிவிப்பு கைப்பேசிக்கு வந்தபோது அதன் அடியில் 594 வெள்ளி 18 சென் என்று இருந்தது. ஏஜெண்டை அழைத்துக் கேட்டேன். "அண்ணே, ரேட்டு மாறவே இல்லண்ணே, நீங்களே பாத்துக்குங்க" என்றார் அந்தத் தம்பி.

பார்த்தேன். அவர் சொன்னது முழு உண்மை. நான் கேட்டதற்கு மட்டும் அது பதிலாக இல்லை.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் மூன்று ஆண்டுகளின் அட்டவணைத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடிக்கோலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்து ஒப்பிட்டேன். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வீடு வைத்திருக்கும் நம்மவர்கள் பலருக்கும் இதே திகைப்பு ஏற்படுகிறது என்பதால், அந்த இரவு செய்ததையும் அதன்பின் கற்றுக்கொண்டதையும் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: எது நிலையானது என்று பாலிசியில் தேடுங்கள்

நிலையான சந்தா என்ற சொல் நம் காதில் ‘இத்தனை வெள்ளி’ என்று விழுகிறது. பாலிசியின் வாசகத்திலோ அது பெரும்பாலும் விகிதத்தைக் குறிக்கிறது. என் பாலிசியில் கட்டடத்தின் காப்புறுதித் தொகை 300,000 வெள்ளி. விகிதம் ஆயிரம் வெள்ளிக்கு 1 வெள்ளி 6 சென். ஆகவே அடிப்படைச் சந்தா 318 வெள்ளி. மூன்றாம் ஆண்டிலும் அதே 1 வெள்ளி 6 சென்தான். ஆனால் காப்புறுதித் தொகை 330,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டிருந்தது. கட்டுமானச் செலவின் ஏற்றத்தை ஈடுகட்ட, புதுப்பிக்கும்போது தொகையைத் தானாகவே உயர்த்தலாம் என்று இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. நான் கையெழுத்திட்ட நாளில் படிக்காத வரி. இதனால் அடிப்படைச் சந்தா 349 வெள்ளி 80 சென் ஆனது. வாக்கு மீறப்படவில்லை. வாக்கு எதைப் பற்றியது என்பதை நான்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

நம் நாட்டில் இந்தச் சொல் வேறு இரண்டு இடங்களிலும் புழங்குகிறது. ஒன்று, வீட்டுக் கடனோடு வங்கி சேர்த்துக் கொடுக்கும் நீண்டகால ஹவுஸ்ஓனர் பாலிசி அல்லது அதன் தக்காஃபுல் (இஸ்லாமிய முறைக் காப்புறுதி) வடிவம். கடன் காலம் முழுவதற்குமான சந்தாவை முன்கூட்டியே கணக்கிட்டுக் கடன் தொகையிலேயே சேர்த்துவிடுவார்கள். ஆண்டுதோறும் பில் வராது என்பது வசதிதான். ஆனால் அந்தச் சந்தாவுக்கும் நீங்கள் கடன் முடியும்வரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மற்றொன்று, கடன் அட்டையிலிருந்தோ வங்கிக் கணக்கிலிருந்தோ ஆண்டுதோறும் தானாகக் கழிக்கப்படும் பாலிசி. அங்கே நிலையாக இருப்பது கழிக்கும் ஏற்பாடு மட்டுமே. கழிக்கப்படும் தொகைக்கு யாரும் உறுதி கொடுத்திருக்க மாட்டார்கள்.

தீக் காப்புறுதியின் விகிதங்கள் முன்பு எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே கட்டணப் பட்டியலின்படி இருந்தன. 2016 ஜூலை 1 முதல் அந்தக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்த்தப்பட்டு வருகிறது. ‘காப்புறுதி எங்கே எடுத்தாலும் ஒரே விலைதான்’ என்று நம் பெரியவர்கள் சொல்வது அந்தக் காலத்துப் பழக்கத்தில் வந்த பேச்சு. இன்று இரண்டு மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்பதில் பொருளுண்டு.

இரண்டாம் படி: பில்லை வரி வரியாகப் பிரியுங்கள்

சென்ற ஆண்டின் அட்டவணையையும் இந்த ஆண்டின் அறிவிப்பையும் அருகருகே வைத்து, வேறுபடும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் வித்தியாசத் தொகையை எழுதுங்கள். வித்தியாசங்களின் கூட்டுத்தொகை மொத்த ஏற்றத்தோடு சென் கணக்கில் பொருந்தும்வரை நிறுத்தக் கூடாது. பொருந்தவில்லை என்றால் ஏதோ ஒரு வரி உங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது.

எனக்கு ஏறியது 240 வெள்ளி 74 சென். அது இப்படிப் பிரிந்தது. காப்புறுதித் தொகை உயர்ந்ததால் 31 வெள்ளி 80 சென். நிலச்சரிவு, நிலம் உள்ளிறங்குதல் ஆகியவற்றுக்கான கூடுதல் காப்புக்கு 150 வெள்ளி. குழாய், மின்சாரப் பழுதுகளுக்கு ஆள் அனுப்பும் அவசர உதவிச் சேவைக்கு 30 வெள்ளி. இவை அனைத்தும் சேர்ந்ததால் சேவை வரியில் 16 வெள்ளி 94 சென். கடைசியாக, நிர்வாகக் கட்டணம் என்ற பெயரில் 12 வெள்ளி.

பில்லில் அரசாங்கத்துக்குப் போவது இரண்டு மட்டுமே. சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. என் இரண்டாம் ஆண்டுப் பில்லில் ஏறிய 6 வெள்ளி 36 சென் அதுதான். முத்திரை வரி 10 வெள்ளி. சந்தா எவ்வளவு ஏறினாலும் அந்தப் பத்து வெள்ளி அப்படியே இருக்கும். இந்த இரண்டிலும் ஏஜெண்டோடு பேரம் பேசுவதில் பயனில்லை. ஆனால் சேவை வரி சந்தாவின் மீது விதிக்கப்படுவதால், வேண்டாத ஒரு கூடுதல் காப்பை நீக்கினால் அதற்குரிய வரியும் சேர்ந்து குறையும்.

அந்த 12 வெள்ளி இருந்த இடத்தைக் கவனியுங்கள். அது சந்தாவோடு கூட்டப்படவில்லை. வரிக் கணக்கிலும் வரவில்லை. முத்திரை வரிக்குக் கீழே தனியாக நின்றது. இப்படி ஒதுங்கி நிற்கும் கட்டணம், பெரும்பாலும் காப்புறுதி நிறுவனத்துடையது அன்று. நடுவில் வசூலிப்பவர் சேர்த்தது. என் விஷயத்தில் அது அச்சிட்ட பாலிசியைத் தபாலில் அனுப்புவதற்கான தொகை என்றார்கள். மூன்று ஆண்டுகளாக எனக்கு வருவது மின்னஞ்சல் பிரதி மட்டுமே. பாலிசியை விற்கும்போது தரும் தயாரிப்பு விளக்கத் தாளில் சந்தா, தரகு, வரி, பிற கட்டணங்கள் ஆகியவை குறிப்பிடப்பட்டிருக்கும். அதில் காணாத ஒரு கட்டணம் பில்லில் இருந்தால், அது எந்த விதியின் கீழ் வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். நான் கேட்ட மறுநாளே அந்தக் கட்டணம் நீங்கியது.

மூன்றாம் படி: கேட்காமல் சேர்ந்தவை எவை, அவை வேண்டுமா

எதிர்பாராத கட்டணம் எல்லாம் அநியாயக் கட்டணம் ஆகிவிடாது. என் கோபம் முதலில் அந்த 150 வெள்ளியின் மீதுதான் பாய்ந்தது. என்னைக் கேட்காமல் சேர்த்தது தவறு என்பதில் இப்போதும் எனக்குச் சந்தேகமில்லை. சம்மதம் தந்ததற்கான பதிவைக் காட்டுங்கள் என்று கேட்டபோது அவர்களிடம் ஒன்றும் இல்லை. ஆயினும் வழக்கமான ஹவுஸ்ஓனர் பாலிசியில் தீ, இடி, குழாய் வெடிப்பு, புயல், வெள்ளம் முதலியவை அடங்கினாலும் நிலச்சரிவும் நிலம் உள்ளிறங்குதலும் அடங்குவதில்லை. அவற்றைத் தனியாகச் சேர்த்தாக வேண்டும். எங்கள் வீட்டின் பின்சுவரிலிருந்து சரிவு தொடங்கும் இடம் முப்பது அடி கூட இருக்காது. மழைக்காலத்தில் அந்தச் சரிவிலிருந்து செம்மண் கரைந்து வந்து சாக்கடையை அடைப்பதை ஆண்டுதோறும் மண்வெட்டியால் வாரிக்கொண்டிருப்பவன் நான். ஆகவே சண்டையும் போட்டேன், காப்பையும் வைத்துக்கொண்டேன். செபராங் பிறையின் சமதளத்தில் வீடு வைத்திருப்பவருக்கு அதே 150 வெள்ளி வீண் செலவாக இருக்கலாம்.

அவசர உதவிச் சேவையை நீக்கச் சொன்னேன். தெருமுனையில் இருக்கும் குழாய்க்காரர் ஒரு தொலைபேசி அழைப்பில் வந்துவிடுவார்.

வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2017 நவம்பர் தொடக்கத்தில் பினாங்கையும், 2021 டிசம்பரில் கோலாலம்பூர், சிலாங்கூர் பகுதிகளையும் மூழ்கடித்த வெள்ளங்களை மறந்திருக்க மாட்டீர்கள். உங்களிடம் இருப்பது அடிப்படைத் தீக் காப்புறுதி மட்டும் என்றால் அதில் வெள்ளம் அடங்காது. ‘வெள்ளம்’ என்று ஒரு கூடுதல் கட்டணம் உங்கள் பில்லில் வந்திருந்தால், முதலில் கையில் இருப்பது எந்த வகைப் பாலிசி என்று பாருங்கள். தீப் பாலிசி என்றால் அந்தக் கட்டணத்துக்கு வேலை இருக்கிறது. ஹவுஸ்ஓனர் பாலிசியில் அதே கட்டணம் வந்தால், அடிப்படையிலேயே அடங்கிய ஒன்றுக்கு ஏன் மறுபடியும் காசு என்று கேட்க வேண்டும். தாழ்வான பகுதி என்பதால் கூடுதல் சந்தா விதித்திருக்கிறோம் என்ற பதில் வரலாம். அப்படியானால் அதை எழுதித் தரட்டும்.

நான்காம் படி: காப்புறுதித் தொகையைக் குறைத்துப் பில்லைக் குறைக்க முயலாதீர்கள்

தொகை ஏறியதுதானே காரணம், பழைய 300,000 வெள்ளிக்கே வைத்துக்கொள்வோம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும்.

காப்புறுதித் தொகை என்பது வீட்டின் சந்தை விலை அன்று. வீடு முற்றிலும் அழிந்தால் அதே வீட்டை மறுபடியும் கட்டி எழுப்ப ஆகும் செலவு. நிலத்தின் விலைக்கு இதில் இடமில்லை. பங்சாரிலோ தஞ்சோங் தொக்கோங்கிலோ வீட்டின் விலை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டினாலும், கட்டுமானச் செலவு அதில் ஒரு பகுதிதான். சந்தை விலைக்குக் காப்புறுதி செய்திருப்பவர்கள் ஆண்டுதோறும் மண்ணுக்கும் சேர்த்துச் சந்தா கட்டுகிறார்கள். அவர்கள் தொகையைத் தாராளமாகக் குறைக்கலாம். மலேசியப் பொதுக் காப்புறுதிச் சங்கமான பியாம், கட்டடச் செலவை மதிப்பிடும் கணிப்பானை இணையத்தில் வைத்திருக்கிறது. வீட்டின் வகையையும் பரப்பளவையும் கொடுத்தால் ஒரு மதிப்பீடு கிடைக்கும்.

ஆனால் மறுகட்டுமானச் செலவுக்குக் கீழே போனால் விகிதாசார விதி வந்து நிற்கும். மறுபடி கட்ட 400,000 வெள்ளி ஆகும் வீட்டை 300,000 வெள்ளிக்குக் காப்புறுதி செய்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். சமையலறை தீப்பிடித்து 80,000 வெள்ளி சேதம். காப்புறுதித் தொகைக்குள் அடங்கும் சேதம்தானே, முழுவதும் கிடைக்கும் என்று எண்ணுவீர்கள். கிடைப்பது நான்கில் மூன்று பங்கு, அதாவது 60,000 வெள்ளி. மீதி 20,000 வெள்ளியை நீங்கள்தான் போட வேண்டும். ஆண்டுக்கு நூறு வெள்ளி மிச்சம் பிடித்ததன் விலை அது.

பின்புறம் இழுத்துக் கட்டிய சமையலறை, மேலே எழுப்பிய அறை, கார் நிறுத்தும் இடத்துக்குப் போட்ட கூரை ஆகியவற்றைத் தொகையில் சேர்த்தீர்களா என்று பாருங்கள். கணிப்பானில் எங்கள் வீட்டுக்கு, இழுத்துக் கட்டிய சமையலறையையும் சேர்த்து, 330,000 வெள்ளியை ஒட்டிய தொகையே வந்தது. ஆகவே அந்த 31 வெள்ளி 80 சென்னை முணுமுணுக்காமல் கட்டினேன்.

புதுப்பிக்கும்போது நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்கு நியாயமான கவனத்தோடு உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் உள்ள கடமை. தீபாவளிக்கு முன் வீட்டிலேயே முறுக்குச் சுட்டு விற்பதைச் சொன்னால் சந்தா கூடுமே என்று சிலர் மறைக்கிறார்கள். பெரிய எண்ணெய்ச் சட்டியிலிருந்து தீ பற்றிய பிறகு அந்த மறைப்பு எப்படிப் பார்க்கப்படும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: வங்கி ஏற்கெனவே கட்டிவிட்டதா என்று பாருங்கள்

வீட்டுக் கடன் நிலுவையில் இருப்பவர்களுக்கு மிகப் பெரிய எதிர்பாராத செலவு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. உங்கள் பாலிசி புதுப்பிக்கப்பட்டதற்கான ஆவணம் உரிய நாளுக்குள் வந்து சேராவிட்டால், வங்கி தன் பட்டியலிலுள்ள ஒரு நிறுவனத்தில் தானே பாலிசி எடுத்து, சந்தாவை உங்கள் கடன் கணக்கில் ஏற்றிவிடும். நீங்கள் இன்னொரு பக்கம் உங்கள் ஏஜெண்டிடம் கட்டியிருப்பீர்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு பாலிசி. வங்கி எடுத்ததற்கு வட்டியும் உண்டு. இரண்டு பாலிசி இருந்தால் இழப்பீடு இரண்டு மடங்கு வரும் என்று நம்புகிறவர்களைக் கண்டிருக்கிறேன். வராது, இழப்பு எவ்வளவோ அவ்வளவுதான்.

ஆகவே கடன் கணக்கின் ஆண்டறிக்கையை எடுத்து, தவணையும் வட்டியும் அல்லாத பதிவு ஏதேனும் உண்டா என்று தேடுங்கள். வேறு நிறுவனத்தில் எடுக்க விரும்பினால், பாலிசியில் வங்கியின் பெயரை அடமானம் பெற்றவராகக் குறிப்பிடச் செய்து, காலாவதிக்கு நான்கு வாரங்களுக்கு முன்பே பிரதியை வங்கிக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான பதிலை வாங்கி வையுங்கள். கடனை வேறு வங்கிக்கு மாற்றியவர்கள், பழைய நீண்டகாலப் பாலிசியை ரத்து செய்து மீதிக் காலத்துக்கான சந்தாவைத் திரும்பக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அது தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள்.

கடன் முழுவதும் தீர்ந்துவிட்டதா? மகிழ்ச்சி. ஆனால் வங்கி புதுப்பிப்பதை நிறுத்தியிருக்கும். வீடு இப்போது காப்பு இல்லாமல் இருக்கக்கூடும்.

ஆறாம் படி: அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு

2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் 93ஆம் பிரிவின்படி, கட்டடத்தைத் தீ முதலிய சேதங்களுக்கு எதிராகக் காப்புறுதி செய்வது நிர்வாக அமைப்பின் கடமை. அதற்கான பணம் நீங்கள் மாதந்தோறும் கட்டும் பராமரிப்புக் கட்டணத்திலிருந்தே போகிறது. பிறகு தனியாக ஒரு ஹவுஸ்ஓனர் பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லி வரும் பில், பெரும்பாலும் ஒரே சுவருக்கு இரண்டாம் முறை கட்டச் சொல்கிறது. நிர்வாக அலுவலகத்தில் உங்கள் வீட்டு எண் குறிக்கப்பட்ட காப்புறுதிச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, வங்கிக்கு அனுப்பி, வங்கி ஏற்றிய பாலிசியை ரத்து செய்யக் கேளுங்கள். சான்றிதழுக்குச் சிறு கட்டணம் கேட்டால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தேவைப்படுவது வீட்டுக்குள் இருக்கும் பொருள்களுக்கான ஹவுஸ்ஹோல்டர் பாலிசியும், நீங்களாகச் செய்த உள்வேலைகளுக்கான காப்புமே.

நகை இருப்பவர்கள் அந்தப் பாலிசியில் ஒன்றைக் கவனியுங்கள். வழக்கமான வாசகத்தில் தங்கம், வெள்ளி, நகைகளுக்கான மொத்த வரம்பு காப்புறுதித் தொகையின் மூன்றில் ஒரு பங்கு. தளபாடம், மின்சாதனங்கள் போன்றவை நீங்கலாக, தனித்துப் பட்டியலிடாத ஒரு பொருளுக்கு 5 விழுக்காடு. 60,000 வெள்ளிப் பாலிசியில் ஒரு தாலிக்கொடிக்கு 3,000 வெள்ளிக்கு மேல் கிடைக்காது. தனியாகப் பட்டியலிட்டால் சந்தா கூடும். அது நீங்களே தெரிந்து ஏற்கும் கட்டணம்.

ஏழாம் படி: பில்லில் தெரியாத கட்டணம்

வெள்ளம், புயல் சேதத்துக்கு வழக்கமான ஹவுஸ்ஓனர் வாசகத்தில் முதல் 200 வெள்ளி அல்லது காப்புறுதித் தொகையில் 1 விழுக்காடு, எது குறைவோ அதை நீங்கள் ஏற்க வேண்டும். தண்ணீர்த் தொட்டி, குழாய் வெடிப்புக்கு முதல் 50 வெள்ளி. இதற்கு எக்ஸஸ் என்று பெயர். சந்தாவை அப்படியே வைத்துவிட்டு இந்தத் தொகையை உயர்த்தினால் மொத்தத்தில் ஒரு சென்கூட மாறியிருக்காது. ஆனால் உங்கள் காப்பு சுருங்கியிருக்கும். பில் ஏறவில்லை என்று மகிழும் ஆண்டிலும் இந்த வரியைப் படியுங்கள். வீடு தொடர்ந்து 90 நாள்களுக்கு மேல் பூட்டிக் கிடந்தால் திருட்டுக் காப்பு நின்றுவிடும் என்ற வாசகமும் வழக்கமானது. பேரப்பிள்ளையைப் பார்க்க மெல்பர்னுக்குப் போய் நான்கு மாதம் தங்கும் தாத்தா பாட்டிகளுக்கு இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

எட்டாம் படி: எழுதுங்கள், பிறகு கட்டுங்கள்

காலாவதிக்கு ஆறு வாரங்களுக்கு முன்பே தொடங்கினால் இவை அனைத்துக்கும் நேரம் கிடைக்கும். கேள்விகளைத் தொலைபேசியில் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள்: இந்தக் கட்டணம் எந்த விதியின் கீழ் வருகிறது, இதற்கு நான் எப்போது சம்மதம் தந்தேன், இதை நீக்கினால் மொத்தம் எவ்வளவு. தகராறு என்பதற்காகச் சந்தா கட்டாமல் காலத்தைக் கடத்தாதீர்கள். சந்தா உத்தரவாத விதி உள்ள பாலிசியில், தொடக்க நாளிலிருந்து 60 நாள்களுக்குள் கட்டாவிட்டால் காப்பு தானாகவே ரத்தாகும். கடந்துபோன நாள்களுக்குரிய சந்தாவையும் நிறுவனம் கேட்கலாம்.

நிறுவனத்தின் புகார்ப் பிரிவு தரும் இறுதிப் பதில் உங்களுக்கு ஏற்புடையதாக இல்லை என்றால், ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தை குறைதீர்ப்பாளர் சேவையிடம் போகலாம். 60 நாள்களாகியும் பதிலே வராவிட்டாலும் போகலாம். 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் இந்த அமைப்பு, முன்பு நிதிச் சேவைகள் குறைதீர்ப்பாளர் என்ற பெயரில் இருந்தது. பயனீட்டாளர் கட்டணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. 250,000 வெள்ளி வரையிலான காப்புறுதித் தகராறுகளை அது ஏற்கும். ஆனால் விலை அதிகம் என்ற புகாரை மட்டும் கொண்டுபோனால் எடுபடாது, ஏனெனில் பொதுவான விலை நிர்ணயம் அதன் வரம்புக்குள் வராது. சம்மதம் இல்லாமல் சேர்த்தார்கள், விளக்கத் தாளில் சொல்லாத கட்டணத்தை வசூலித்தார்கள், நிலையானது என்று சொல்லி விற்றார்கள் என்று புகாரை அமைக்க வேண்டும். அதற்குத்தான் அந்த மின்னஞ்சல்கள். எங்கே போவது என்றே தெரியாதவர்கள் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் 1-300-88-5465 என்ற எண்ணில் கேட்கலாம்.

நான் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. நான்கு மின்னஞ்சல்களுக்குப் பிறகு திருத்திய அறிவிப்பு வந்தது: அடிப்படைச் சந்தா 349 வெள்ளி 80 சென், நிலச்சரிவுக் காப்பு 150 வெள்ளி, சேவை வரி 39 வெள்ளி 98 சென், முத்திரை வரி 10 வெள்ளி, மொத்தம் 549 வெள்ளி 78 சென். குறைந்தது 44 வெள்ளி 40 சென்தான். அதைக் கட்டிவிட்டு, 2026 செப்டம்பரில் மூன்றாண்டு முடிகிறது, விகிதமும் அப்போது மாறும் என்று அட்டவணையின் மேல் பென்சிலால் எழுதிக் கோப்பில் வைத்தேன்.